பண்டாரியின் கடைசி எழுத்து

கப்பலுக்கு ஆபத்து வந்தது ஒரு விடியற்காலை, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு. எனக்கு வந்தது ஏழு வருடம் கழித்து, மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில், காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு.

நேரம் நன்றாக நினைவிருக்கிறது. ராமையாவின் மேசைக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டியிருந்தது. அவன் காட்டிய தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது அதுதான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

சென்ற வாரம் பாடசாலைக் கூரை காற்றில் பறந்த கதையை எழுதியிருந்தேன். வாசகர்கள் பலர் சிரித்ததாக எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய விஷயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ராமையா என்னிடம் படித்தவன். அந்தக் கந்தோரில் கிளாக்கர். சுதந்திரம் கிடைத்த புதிது. எதையாவது நட்டு வைக்கவும் திறந்து வைக்கவும் எல்லோருக்கும் ஆசையாக இருந்த காலம். யுத்தத்தில் மாண்ட நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு மரப்பலகையில் மூன்று மொழிகளிலும் செதுக்கி வைப்பதென்று நகரத்துப் பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கத் தலைமையாசிரியரான என்னைக் கூப்பிட்டார்கள். சிவப்புப் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போனேன்.

“எல்லாம் சரி சேர். இந்தக் கடைசிப் பேருலதான் ஒரு சின்ன சந்தேகம்,” என்றான் ராமையா.

‘பண்டார, பல்லேகம. சரக்குக் கப்பலில் பணியாற்றியவர்’ என்று இருந்தது.

“கொழும்புலேருந்து வந்த பழைய கடுதாசில இவரு பேர பண்டாரின்னு அடிச்சிருக்கான். இங்கிலீஷ்ல கடைசி எழுத்து ‘ஐ’. அப்படி ஒரு பேரு நம்ம பக்கம் ஏது சேர்? பண்டாரதானே? டைப் அடிச்ச வெள்ளக்காரனுக்குக் கை தவறியிருக்கும்.”

அந்தப் பழைய கடிதத்தின் பிரதியை என் பக்கம் திருப்பினான். நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் மூழ்கியது என்ற வரிக்கு மேலே கப்பலின் பெயர் இருந்தது. என் மகன் சுபைர் எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இருந்த அதே பெயர்.

“பண்டாரவா, பண்டாரியா சேர்?”

“பண்டார,” என்றேன்.

சிவப்பு மையால் அந்த ஐயை அடித்து, மேலே ஏ என்று எழுதினேன். என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெயரல்ல, வேலை

பண்டாரி என்பது யாருடைய பெயரும் அல்ல. நம் பக்கத்து மாலுமிகள் வேலை செய்யும் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாத்தளை மலைக்கு நடுவில் இருக்கும் ஊர். கடலைப் பார்க்காமலே மௌத்தாகிறவர்கள் இங்கே ஏராளம். இந்தச் சொல் இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். காரணம், சுபைர் எழுதியிருந்தான்: ‘வாப்பா, இங்கே என் பெயரையே மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் நான் பண்டாரி.’

அந்தப் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டவில்லை. மடித்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருமுறை பாடசாலை இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டில் பகல் சாப்பிட்டார். என் மனைவி சுலைஹாவுக்குக் காய்ச்சல். குசினிக்குள் நின்று இறைச்சிக் கறியை ஆக்கியவன் சுபைர். இன்ஸ்பெக்டர் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு, “யாரு ஆக்கினது?” என்று கேட்டார்.

“வீட்டில்,” என்றேன். அவன் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

சீனியர் பரீட்சையில் தவறிய மறுவாரம் கொழும்புக்கு ஓடினான். துறைமுகத்திலிருந்து கப்பலேறிவிட்டான் என்று தெரிந்ததும், கேட்டவர்களிடமெல்லாம் “கப்பலில் கிளாக்கர்” என்று நானே சொல்லி வைத்தேன். தலைமையாசிரியர் மகன் அடுப்பூதுகிறான் என்று எப்படிச் சொல்வது? சுலைஹா கேலி செய்வாள்:

“கிளாக்கரு கிளாக்கருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. புள்ள வந்து எறங்கின ஒடனே நாலு பேரு பெட்டிஷன் எழுதித் தரச் சொல்லி வாசல்ல நிப்பாங்க, பாருங்க.”

சொல்லக் கூசும் விஷயம் இனித்தான் வருகிறது. யுத்தத்தின் நடுவில் கடிதங்கள் நின்றுபோயின. கப்பல் மூழ்கியதாகக் காதில் விழுந்ததும் கொழும்பிலிருந்த கப்பல் ஏஜெண்டுகளுக்கு எழுதினேன். அழகான ஆங்கிலத்தில், என் பதவியைக் கீழே குறிப்பிட்டு. அந்தக் கடிதத்திலும் ‘கப்பலில் லிகிதராகப் பணிபுரியும் என் மகன்’ என்றே எழுதினேன். அந்நியனுக்கு எழுதும் கடிதத்தில்கூட எனக்கு உண்மை வரவில்லை.

பதில் சுருக்கமாக வந்தது. அந்தக் கப்பலில் அப்படி ஒரு லிகிதர் இருக்கவில்லை. மாண்டவர்களிலும் இல்லை, பிழைத்தவர்களிலும் இல்லை.

மாண்டவர்களில் இல்லை என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் வாழ்ந்தோம். வேறு கப்பலுக்கு மாறியிருப்பான், எங்கோ ஒரு துறைமுகத்தில் வைத்தியசாலையில் கிடப்பான், எதிரியிடம் சிறைப்பட்டிருந்தால் விடுதலையாகி வருவான் என்று வருடத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஐந்து பேருக்கு அரிசி

நோன்புப் பெருநாளுக்கு முன் பித்ரா அரிசி அளந்து ஏழைகளுக்குக் கொடுப்பது எங்கள் கடமை. வீட்டில் உயிரோடு இருக்கும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. நான், சுலைஹா, எங்கள் மற்ற இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் நான்கு பேர். சுலைஹா ஒவ்வொரு வருடமும் ஐந்து பேருக்கு அளந்தாள்.

பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து, வெளியூரில் மௌத்தானவர்களுக்கு இங்கிருந்தே தொழுகை நடத்தலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் சொன்னாள்:

“மௌத்துச் செய்தி கொண்டாங்க, தொழுவோம். செய்தி இல்லாம என் புள்ளைய நான் குறைச்சு அளக்க மாட்டேன்.”

அந்தச் செய்தியைத்தான் நான் சிவப்பு மையால் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

பலகை செதுக்குகிறவரிடம் போக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. முதல் மூன்று வாரமும் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது? பண்டாரி என் மகன் என்றால், பலகையில் ஏறத் தகுந்த ஏதோ ஒரு நல்ல காரியத்தைச் செய்தவன் என் மகன். ஆனால் அவன் உயிரோடு இல்லை. பல்லேகமவில் உண்மையிலேயே ஒரு பண்டார இருந்து செத்திருந்தால் என் மகன் எங்கோ இருக்கிறான். ஆனால் அந்தப் பெருமை அவனுடையதல்ல. பெருமையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மகள் வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் தெருமுனைக்கு ஓடினேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, பாடசாலை வேலை என்று சொல்லிவிட்டு, பல்லேகமவுக்கு, லக்கல பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பிழை பார்க்க வந்தவர்

ரத்தோட்டைக்கு மேலே மலை உச்சியில் குளிர் காற்று. அதைத் தாண்டி இறங்கினால் வேறு நாடு. வெயில், காடு வெட்டி எரித்து விதைக்கும் சேனைப் பயிர், யானைக் காவலுக்கு மரத்தின் மேல் கட்டிய பரண்கள். போன பஸ்ஸே இரண்டு மணிக்குத் திரும்பும். அதை விட்டால் மறுநாள்தான் என்று கண்டக்டர் எச்சரித்து இறக்கிவிட்டான்.

பண்டாரவின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. “கப்பலில் செத்தவர் வீடு” என்றதும் ஏனோ சிரித்துக்கொண்டே காட்டினார்கள். களிமண் வீடு. முற்றம் கண்ணாடி மாதிரிக் கூட்டியிருந்தது. பண்டார என்பது பரம்பரைப் பெயர், தகப்பனுக்கும் அதுவே. அறுபது வயதிருக்கும். அவர் மனைவி மெனிக்கே பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில்.

“கந்தோர் ஆளா?” என்று பண்டார என் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“இல்லை, மாத்தளையில் பாடசாலை மாஸ்டர். பலகையில் பெயர் போடுகிறார்கள். எழுத்துப் பிழை பார்க்க வந்தேன்.”

அது பொய்யல்ல. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“பலகை வேணாம்னு நாங்க சொன்னா விட்டுருவாங்களா, மாஸ்டர்?”

அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

மெனிக்கே உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கப்பலின் இரண்டாவது அதிகாரி எழுதிய நீண்ட கடிதம். கந்தோரில் நான் கண்ட பிரதி அதன் முதல் பக்கம் மட்டுந்தான் என்று அப்போது தெரிந்தது.

“இத எங்களுக்கு யாருமே முழுசா வாசிச்சுக் காட்டல. ‘மகன் கடல்ல செத்துட்டான், நல்ல பேரோட செத்தான்’னு எங்க ஊர் விதானை, ஆரச்சி மஹத்தயா, சொன்னாரு. அவ்வளவுதான் தெரியும். வருஷா வருஷம் செத்தவரு பேருல பிக்குமாருக்கு தானம் குடுக்கிறோம். ஆனா என்ன செஞ்சாருன்னு தெரியாமலே குடுக்கிறோம். நீங்க இங்கிலீஷ் படிச்சவரு. வாசிங்க,” என்றார்.

வாசித்தேன். ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து, சிங்களத்தில் வாயால் சொன்னேன்.

விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு டொர்பிடோ தாக்கியது. அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் காவலில் நின்றவர்களும் சமையல்காரனும்தான். அவன் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தான். விளக்குகள் அணைந்தன. நடைவழி முழுவதும் புகை. அறைகளுக்குள் அகப்பட்டவர்களுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அப்போது ஒரு சத்தம் கேட்டது. பண்டாரி ஒரு சட்டி மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே நடைவழியில் போய்க்கொண்டிருந்தான். தினமும் இருட்டில் எழுந்து குசினிக்குப் போகிறவனுக்கு அந்த வழி கண் தெரியாமலே பழக்கம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களைப் படகு வரை கொண்டுவந்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினான்.

மற்றப் படகு என்னவானது என்று தெரியவில்லை. அவனுடைய ஊர்ப்பேச்சு அறிந்த மாலுமிகளெல்லாம் அதில்தான் போயிருந்தார்கள். இந்தப் படகில் இருந்தவர்கள் அதிகாரிகளும் பீரங்கிக்காரர்களும். கடலில் எட்டு நாள். ஒவ்வொரு காலையும் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது பண்டாரியின் பொறுப்பு. தன் பங்கை எல்லோருக்கும் கடைசியாக எடுத்தான். மடியில் ஒரு சிறு பை நிறையக் கராம்பு வைத்திருந்தான். நாக்கு வறண்டவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து, மெல்லாமல் அடக்கி வைக்கச் சொன்னான். தன் ஊர் மாத்தளை என்றும், அங்கே இது மரத்தில் காய்க்கிறது என்றும், தாய் கட்டிக் கொடுத்தது என்றும் சொன்னான்.

கராம்பு கட்டிக் கொடுத்தவள் சுலைஹா. கடலில் குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி, கொழும்பு விலாசத்துக்கு அனுப்பிய பொட்டலம்.

நான் நிறுத்தினேன். தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு மேலே வாசித்தேன்.

மாலையானால், ‘நாளைக்கு என்ன ஆக்கட்டும்?’ என்று ஒவ்வொருவனிடமும் கேட்பானாம். அவனவன் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்ல, இவன் அதை எப்படி ஆக்குவதென்று உப்பு முதற்கொண்டு விவரிப்பானாம். தொண்டையில் ஈரமில்லாத மனிதர்கள் நெய்ச்சோற்றுக்கு எத்தனை ஏலக்காய் என்று சண்டை போட்டார்களாம். ஏழாம் நாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தார்கள். டொர்பிடோ தாக்கியபோது அடுப்பிலிருந்த கொதிதண்ணீர் மார்பு முதல் தொடை வரை கொட்டியிருந்தது. ஆறு நாளும் அவன் அதைச் சொல்லவில்லை. மறுநாள் ஒரு கப்பல் அவர்களைக் கண்டது.

கடைசி வரியை அந்த அதிகாரி இப்படி எழுதியிருந்தார்: ‘எங்களில் ஒருவருக்கும் அவருடைய உண்மையான பெயரைக் கேட்டு வைக்கத் தோன்றவில்லை. அதற்காக நான் சாகும்வரை வெட்கப்படுவேன்.’

முகம் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது மெனிக்கே கடிதத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அந்த அம்மாளின் கை அந்தத் துணியை நான்காக மடித்து, ஓரத்தைத் தடவிச் சரிசெய்வதைப் பார்த்ததும் சொல் வரவில்லை. இவர்களுடைய ஒரே பெருமையைப் பிடுங்கிக்கொண்டு போகவா வந்தேன்? இரண்டு மணிக்குப் பஸ் என்றேன். பண்டார தன் சேனையில் விளைந்த குரக்கன் தானியத்தை அரைத்த மாவில் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

“எந்தப் பாடசாலைன்னு சொன்னீங்க, மாஸ்டர்?”

சொன்னேன். என் பெயரையும் சொன்னேன்.

குரக்கன் மா

“இது ஏது?” என்று சுலைஹா பொட்டலத்தைப் பிரித்தாள்.

“ஒரு பிள்ளையின் தகப்பன் கொடுத்தார்.”

“நல்ல மனுசன் போல. மா நைசா இருக்கு,” என்றாள்.

அடுத்த வாரம் முழுவதும் பாடசாலைக்குப் போனேன், வந்தேன். வகுப்பில் நிற்கும்போது திடீரென்று நெஞ்சு நிமிரும். ‘என் மகன் பதினான்கு பேரைச் சத்தத்தால் நடத்திக்கொண்டு போனான்’ என்று கரும்பலகையில் எழுத வேண்டும் போலிருக்கும். மறுகணமே சுலைஹாவின் முகம் வரும். சுண்ணாம்புக்கட்டி கையில் உடையும். என் மகனைப் பற்றி எனக்கு வந்த முதல் பெருமை அது. அதைச் சொல்ல ஓர் ஆளில்லை.

இப்போது அந்தப் பலகை நகரத்தில் இருக்கிறது. கடைசி வரியில் சுபைர் என்ற பெயரும் பக்கத்தில் ‘கப்பல் சமையல்காரர்’ என்ற சொல்லும் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. சமையல்காரர் என்று போட வேண்டுமா, ‘கப்பல் பணியாளர்’ என்று கௌரவமாகப் போடலாமே என்று ஒரு பெரியவர் கேட்டார். சமையல்காரர் என்றுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பெயரே வேண்டாம் என்று எழுந்து நின்று சொன்னவன் நான்தான். ஆனால் அந்தச் சபையில் எழுந்து நிற்கும் பலம் எனக்குத் தானாக வரவில்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் வேறு.

வந்தவர்கள்

அது ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணியிருக்கும். விறாந்தையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மூன்று பேர். வெள்ளைச் சாரமும் கறுப்புக் கோட்டும் போட்ட பண்டார. அவர் பக்கத்தில் மெனிக்கே. பின்னால் முப்பது வயதுள்ள ஒரு தடித்த மனிதன். லொறி டிரைவர்கள் போடுகிற காக்கிக் காற்சட்டை.

உள்ளே குசினியில் சுலைஹா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த மனிதன்தான் முதலில் பேசினான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்தான்.

“மாஸ்டர், நான்தான் அந்த செத்துப்போன பண்டார.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பண்டார விளக்கினார். மகன் துறைமுக வேலைக்கென்று வீட்டை விட்டுப் போனது உண்மை. கப்பல் ஏறவே இல்லை. பண்டாரி, மாத்தளை என்று மட்டும் வந்த கடிதத்தை, துறைமுகத்துக்குப் போய்த் திரும்பாத பண்டாரவுடையது என்று கந்தோரில் முடிவு கட்டி அனுப்பியிருக்கிறார்கள். திருகோணமலையில் கூலி வேலை, மலேரியா, பிறகு அனுராதபுரத்தில் லொறி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பலாப்பழத்தோடு வந்து இறங்கினானாம்.

“உயிரோட வந்து நின்னேன். எங்கம்மா என்னப் பாத்து என்ன கேட்டாங்க தெரியுமா மாஸ்டர்? ‘அப்ப அது யாரு?’ன்னாங்க. நான் வந்தது அப்புறம்தான் அவங்களுக்கு ஞாபகம் வந்துச்சு,” என்றான் மகன்.

“அப்படியென்றால் கடிதத்தை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

பண்டார தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னவர் மெனிக்கே.

“யாருகிட்ட குடுக்கிறது, மாஸ்டர்? கந்தோர்ல குடுத்தா அலுமாரிக்குள்ள போட்டுப் பூட்டுவாங்க. யாரோ ஒரு தாய் பெத்த புள்ள, வழி தவறி எங்க வீட்டுக்கு வந்துருச்சு. தானம் குடுக்கக்கூட ஆளில்லாம போயிருமேன்னு நாங்களே குடுத்துக்கிட்டு வந்தோம். அவருக்குரியவங்க ஒரு நாள் வருவாங்கன்னு தெரியும். நீங்க கெணத்தடிக்குப் போனீங்க. வாளி தண்ணியில விழுற சத்தத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். சத்தமே வரல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுலைஹா வாசற்படிக்கு வந்தாள். அவளுக்கும் சந்தையில் பேசிப் பழகிய சிங்களம் தெரியும். வந்தவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, யாரு இவங்க? ஏன் ஒங்க மொகம் இப்பிடி இருக்கு?”

நான் எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

மெனிக்கே என்னைத் தாண்டிப் போனார். இடுப்பிலிருந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்து, தேங்காய்ப்பூ ஒட்டியிருந்த சுலைஹாவின் இரண்டு கைகளிலும் வைத்தார். வைத்த கையை எடுக்காமலே, கூடப் பிறந்த தங்கையைக் கூப்பிடுவதுபோல், “நங்கி,” என்றார்.

“நங்கி, ஒங்க மகன் ஏழு வருஷமா எங்க வீட்டுல இருந்தாரு. எங்க புள்ளையாத்தான் வெச்சிருந்தோம். இப்ப கூட்டிட்டு வந்திருக்கோம்.”